பைண்டிங் நோட்டில் ஒரு வரி

கத்தியின் முனை முதல் தையலுக்கு அடியில் நுழைந்தது. கட்டைவிரல் மெல்ல நெம்பியதும் நூல் அறுந்தது. இடது கை புத்தகத்தின் முதுகைத் தாங்கிக்கொள்ள, வலது கை அடுத்த தையலைத் தேடிப் போனது. காய்ந்த பசை மஞ்சள் பொட்டுகளாக மேசையில் உதிர்ந்தது. அந்த விரல்களின் நகக்கண்ணிலும் பசை இருந்தது. அதற்கும் சோப்புக்கும் இருபத்தைந்து வருடச் சண்டை. சோப்பு ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

பிரித்துக்கொண்டிருந்தது ஆற்று மணல் பற்றிய பழைய அறிக்கை ஒன்று. ஜன்னலோர அலமாரியில் சாரல் பட்டு ஊதிப்போயிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கல்லூரி அரங்கில் நூலகப் படிப்பு முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு. அங்கே வைக்கும் காட்சி மேசைக்கு இது வேண்டுமென்று தலைமை நூலகர் சொல்லியிருந்தார். இப்போது காலை ஒன்பதரை.

அறுபதாம் பக்கத்தோடு மணல் முடிந்துவிட்டது. புத்தகம் முடியவில்லை. அடுத்த தாளில் இன்னொரு முகப்பு வந்தது: 'பள்ளிக் கிணறுகளின் நீர்: ஓர் அளவீடு.'

கத்தி மேசையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி என்று சொல்லப்பட்ட நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகம். பதினேழு வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லப்பட்ட புத்தகம். 'திருப்பிக் குடுத்துட்டேன் சார், கவுண்டர்லயே குடுத்தேன்' என்று அவன் ஒரு மாதம் நடையாய் நடந்தான். யாரும் நம்பவில்லை. நூலகத்துக்குத் தர வேண்டியது எதுவும் பாக்கியில்லை என்ற சான்று அவனுக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாததால் பட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். பட்டம் இல்லாததால் கையில் வாங்கி வைத்திருந்த வேலை உத்தரவும் போயிற்று. அவன் படித்தது வேறு எதுவுமில்லை, இதே நூலகப் படிப்புதான்.

அந்த மாணவன் இப்போது கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். தினம் பதினோரு மணிக்கு அவளும் அவனும் ஒரே கடையில் நின்று டீ குடிப்பார்கள்.

அவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்தவள். பழைய பைண்டர் ஓய்வு பெற்றுப் போனபின் ஒரு வருடம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. கிழிந்த புத்தகங்கள் வாசலில் குவிந்தன. பெருக்குவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்றுதான் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். நல்ல பைண்டிங் ஒன்றை ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி திரும்பத் தைத்தாள். ஏழாவது புத்தகம் ஒழுங்காக விரிந்தது. அதற்குப் பிறகு துடைப்பத்தை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அவள் கடைசித் தாளைத் திருப்பினாள். உள்பக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளுக்கு அடியில் ஏதோ மேடாகத் தெரிந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி, கால் மணி நேரம் பொறுத்து, தாளை மெல்ல உரித்தாள். கீழே பழைய தேதித் தாள் இருந்தது. புத்தகத்தைத் தர வேண்டிய தேதி. அதற்குப் பக்கத்தில், திரும்பி வந்த தேதியின் ஊதா முத்திரை. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தது. முத்திரைக்குக் கீழே 'பைண்டிங்' என்று சாய்வாக ஒரு சொல். அதன் கீழே வாலை நீட்டிய ஒரு சுருக்கொப்பம்.

அந்த வால் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கும் அவளுடைய விடுப்புக் கடிதங்களில் அதே வால்தான். அன்று கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்தான் இன்று தலைமை நூலகர்.

'அப்போ அவரும் மறந்துட்டாரு' என்று ஒரு கணம் மனசு லேசானது. மறுகணமே கண் அறுத்துப் போட்ட நூலின் முடிச்சில் போய் நின்றது. அவர் மறந்தது ஒன்று. ஆனால் புத்தகம் பைண்டிங்குக்கு வந்திருக்கிறது. தைத்தது அவள். அந்த மூன்று சுற்று முடிச்சை அவளைத் தவிர யாரும் போடுவதில்லை.

பழைய பைண்டிங் நோட்டுகள் மேல் தட்டில் இருந்தன. ஸ்டூலில் ஏறி எடுத்தாள். அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெலிந்த புத்தகங்கள் அலமாரியில் தனியாக நிற்காது. ஒரே அளவில் இரண்டு கிடைத்தால் சேர்த்து ஒரே அட்டைக்குள் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டும்போது நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் கேட்லாக் பிரிவில் இரண்டாவது புத்தகத்துக்கும் தனிப் பட்டியல் அட்டை எழுதுவார்கள். எழுதாவிட்டால் அந்தப் புத்தகம் முதல் புத்தகத்தின் வயிற்றுக்குள் போய்விடும். வெளியே யாருக்கும் தெரியாது.

அந்த மாதம், அந்தப் பக்கம். 'ஆற்று மணல் - அறிக்கை.' அடுத்த வரியில் வேறு ஏதோ அகராதி. நடுவில் ஒன்றும் இல்லை.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மகளுக்குக் காய்ச்சலா? மின்சாரம் இல்லையா? ஒன்றுமே நினைவில்லை. ஒரு சாதாரண நாள். சாக்கு என்று சொல்ல ஒரு தலைவலிகூட இல்லை. அதுதான் அவளை அதிகம் குடைந்தது. ஆனால் அதற்கு அடுத்த மாதம் நடந்தது நன்றாக நினைவிருந்தது. 'உங்ககிட்ட வந்துச்சா?' என்று கேட்டார்கள். அவள் இதே நோட்டைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டி, 'நோட்டுல இல்ல சார். நோட்டுல இல்லன்னா எங்கிட்ட வரல' என்றாள். எத்தனை உறுதியாகச் சொன்னாள்! தான் எழுதாத நோட்டைத் தானே சாட்சிக்கு அழைத்திருக்கிறாள். அந்தச் சாட்சியோடு விசாரணை முடிந்தது.

கேட்லாக் மேடம் உள்ளே வந்தபோது அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்னடி, மேடைக்கு இப்பவே ஒத்திகையா? மேல ஏறி உக்காந்துட்டே?"

ஒவ்வொரு வருடமும் பட்டம் வாங்குபவர்களை வாழ்த்தி, பட்டம் இல்லாத ஊழியர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவது அங்கே வழக்கம். இந்த வருடம் பசையக்காவின் முறை. பேச்சை எழுதிக் கொடுத்தது கேட்லாக் மேடம்தான். ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை நடந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டும் கணவர், "எனக்கே சைரன் போட்டாத்தான் ஜனங்க வழி விடறாங்க. உன் பேச்சை யாரு கேக்கப் போறா?" என்று கிண்டல் செய்துவிட்டு, மூன்று முறை முழுசாகக் கேட்டார்.

பசையக்கா ஸ்டூலை விட்டு இறங்கினாள். புத்தகத்தைக் காட்டினாள். தேதித் தாளைக் காட்டினாள். நோட்டைக் காட்டினாள்.

கேட்லாக் மேடம் முதலில் கதவைச் சாத்தினாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"உனக்குத்தான் முதல்ல."

"அப்போ திரும்பத் தைச்சிடு."

"என்னது?"

"ரெண்டையும் சேத்து, பழைய மாதிரியே. பதினேழு வருஷம் ஒருத்தர் அதைத் தொடல. இனிமேவா தொடப் போறாங்க? உனக்கு இன்னும் பதினொரு வருஷம் சர்வீஸ் இருக்குடி. பொய்ச் சாட்சி சொன்னேன்னு எழுதுவாங்க. நம்ம சாருக்கு இருக்கவே இருக்கு நாக்கு, பேசியே தப்பிச்சிடுவாரு. உனக்கு என்ன இருக்கு?"

"அவன் ஜெராக்ஸ் போட்டுட்டு இருக்கான்."

"நல்லாத்தானே இருக்கான்? கடை வச்சிருக்கான், பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு."

சொல்லிவிட்டு அவளாலேயே தோழியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பேச்சு நகல் வாங்கிட்டு வரணும். போய் வாங்கிட்டு வா. காத்துப் பட்டா புத்தி தெளியும்" என்று மட்டும் சொன்னாள்.

எதிர்க்கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை வெளிச்சம் அவன் முகத்தில் போய்ப் போய் வந்தது.

"வாங்கக்கா, சிறப்புப் பேச்சாளரே! மாலைக்கு எங்க போறது, பேப்பர் கிளிப்பைக் கோத்துப் போடவா?"

"சும்மா இரு தம்பி."

"உங்க பேச்சை முழுசா படிச்சிட்டேன். நல்லாருக்கு. ஆனா உங்க மாதிரி இல்ல. 'அறிவுக் கடலின் மாலுமிகளே'ன்னு நீங்க என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா? எங்கிட்ட 'அந்தக் கட்டரைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்'னுதானே சொல்லுவீங்க?"

வழக்கமாக இதற்கு அவள் பதில் வைத்திருப்பாள். இன்று பைக்குள் சில்லறையைத் தேடினாள்.

அவன் நகல்களைத் தட்டி அடுக்கினான். "இருபத்து மூணு பேரு. வருஷா வருஷம் இவங்க அழைப்பிதழை நான்தான் போடறேன். அடுத்த வருஷத்துலருந்து எனக்கும் நிம்மதி."

"ஏன்?"

அவன் கடை முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை முழங்கையால் காட்டினான். பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தின் அறிவிப்பு. நிறுத்தி வைத்த பழைய பட்டங்களுக்குக் கடைசி வாய்ப்பு. வேண்டிய சான்றுகளை இம்மாதக் கடைசி வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள் தர வேண்டும். தவறினால் பதிவு ரத்து.

"நாப்பது காப்பி போடச் சொல்லி எங்கிட்டயே குடுத்தாங்கக்கா. நல்லா தெளிவா போட்டுக் குடுத்தேன். அஞ்சு மணிக்கு மேல நான் ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல. படிக்கவே இல்ல." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எம்பொண்ணு நேத்து கேட்டா, 'நீ என்னப்பா படிச்சே'ன்னு. பள்ளிக்கூடத்துல ஃபாரம் குடுத்திருக்காங்க. அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுட்டு ஃபில் பண்ணிக் குடுத்தேன்."

கடைசி வேலை நாள் இன்றுதான். விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் அதே பதிவாளர்தான். இரண்டும் அவள் மனசில் ஒன்றோடொன்று மோதின. நகல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஒரு ஸ்கூட்டர்காரர் திட்டிக்கொண்டே போனார்.

தலைமை நூலகர் விழாவுக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். காலர் கழுத்தை அறுத்திருக்க வேண்டும். விரலை விட்டு விட்டு எடுத்தார். அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்டார். தேதித் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். சுருக்கொப்பத்தின் மேல் அவர் கண் நின்றபோது காது மடல் இரண்டும் சிவந்தன.

"இதை யாரெல்லாம் பாத்தாங்க?"

"நானும் கேட்லாக் மேடமும் சார்."

"சரி. திங்கக்கிழமை ஒரு கமிட்டி போடுவோம். முறைப்படி விசாரிச்சு, முறைப்படி எழுதி அனுப்பலாம்."

"இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது சார்."

"தெரியும்மா. அதுக்காக விழா நடக்கிற அன்னைக்கா? பதிவாளர் வர்றாரு. இருபத்து மூணு பேரோட அப்பா அம்மா வர்றாங்க. நம்ம நூலகம் ஒரு பையனைத் திருடன்னு சொல்லிட்டு, புத்தகத்தை உள்ளயே வச்சிருந்துச்சுன்னு இன்னைக்கா சொல்லணும்?" குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்காகவும்தான் சொல்றேன். நோட்டு உங்க நோட்டு."

"ஆமா சார். என் நோட்டு."

"அப்போ புத்தகத்தை இங்க வச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் கை மேசைமேல் நீண்டது. பசையக்கா புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் தைக்கலையே சார். பிரிச்ச புத்தகம் பைண்டிங் ரூமை விட்டுத் தனியா இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் சர்க்குலர் போட்டீங்க. செவுத்துல ஒட்டியிருக்கேன்."

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். அவள் வெளியே வந்துவிட்டாள்.

அறைக்கு வந்து கணவருக்குப் போன் செய்தாள். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டும் சத்தம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "வேலைக்கே வினையா முடியலாம்" என்றாள்.

அவர் வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நோயாளியை ஏத்தின வண்டியைத் திங்கக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைன்னு எங்கிட்ட யாராவது சொன்னா, நான் என்ன பண்ணுவேன்னு நினைக்கிறே?" என்றார். "வச்சிடறேன். வண்டி கிளம்புது."

மணி பன்னிரண்டு இருபது. அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

கிணற்றுப் புத்தகம் மூன்றே மூன்று மடிப்புத் தாள் கட்டு. முதுகில் ஒட்டியிருந்த பழைய பசையை ஈரத் துணியால் ஊற வைத்துச் சுரண்டினாள். ஐந்து ஓட்டைகள், பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டாள், தாளுக்குப் புதுக் காயம் வேண்டாமென்று. நூலை இழுக்கும்போது அளவு தெரிய வேண்டும். அதிகம் இழுத்தால் தாள் கிழியும், குறைவாக இழுத்தால் முதுகு தொளதொளக்கும். வழக்கமாக விரல்களே அதைப் பார்த்துக்கொள்ளும். இன்று விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது கட்டில் நூல் தளர்ந்திருந்தது. 'யாருக்குத் தெரியும்' என்று மனசு சொன்னது. அவள் பிரித்து மறுபடி தைத்தாள். முன்பு விட்ட ஒரு வரியே போதும்.

அட்டைக்கு நீலத் துணி வெட்டினாள். பசையை மெலிதாகத் தடவினாள். கடைசிப் பக்கத்துத் தேதித் தாளின்மேல் எதையும் ஒட்டவில்லை. அது எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவில் புத்தகத்தை வைத்து, நாடாவால் இறுக்கிக் கட்டினாள். மணி இரண்டு ஐம்பது. பசை காய ஒரு முழு நாள் வேண்டும். நேரம் இல்லை.

பைண்டிங் நோட்டை எடுத்து இன்றைய தேதியில் இரண்டு வரி எழுதினாள். ஒரு வரி மணலுக்கு, ஒரு வரி கிணற்றுக்கு. மணல் அறிக்கை தாள் தாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. காட்சி மேசையில் அதற்கென்று வைத்த இடம் காலியாகவே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அரங்கில் முதல் இரண்டு வரிசையில் பட்டம் வாங்குபவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு அங்கி அவர்களுக்குப் பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்கள். பதிவாளர் நீளமாகப் பேசினார். பட்டங்கள் கொடுத்து முடிந்தபோது மணி மூன்று ஐம்பது. ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார்கள். பலகைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். மேடையின் ஓரத்தில் தலைமை நூலகர் அவளைப் பார்த்தார். தலையை லேசாக, வேண்டாம் என்பதுபோல், அசைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். பட்டம் வாங்கின பிள்ளைங்களுக்கு வாழ்த்துகள்" என்று தொடங்கினாள். பேச்சுத் தாளைப் பார்த்தாள். மாலுமிகள் காத்திருந்தார்கள். தாளை மடித்து வைத்தாள்.

"இதுல நல்ல பேச்சு இருக்கு. எழுதினவங்க என் ஃபிரெண்டு. ஆனா எனக்குச் சொல்லத் தெரிஞ்சது வேற. நான் பத்தாவதுக்கு மேல படிக்கல. நீங்க எல்லாம் படிச்சவங்க. உங்களுக்கு நான் என்ன சொல்றது? நான் பண்ணின தப்பை வேணா சொல்றேன். அது எந்தப் பாடத்துலயும் இருக்காது."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவள் நாடாவை அவிழ்த்ததும் அடங்கியது.

சொன்னாள். சேர்த்துக் கட்டும் வழக்கத்தைச் சொன்னாள், எழுதாமல் விட்ட வரியைச் சொன்னாள், அந்த நோட்டையே சாட்சியாகக் காட்டியதைச் சொன்னாள். மாணவனின் பேரைச் சொல்லவில்லை, 'எதிர்க்கடையில இருக்கிற தம்பி' என்றாள். இன்றைக்குக் காலையில்கூட அந்த அங்கிகள் போட்டவர்கள் அவன் கடையில் சான்றிதழ் நகல் எடுத்திருந்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவீங்க. ஒருத்தர் வந்து, 'குடுத்துட்டேங்க'ன்னு சொல்லுவாரு. நீங்க தட்டிப் பாத்துட்டு, இல்லைன்னு சொல்லுவீங்க. அப்படிச் சொல்லாதீங்க. கம்ப்யூட்டர்ல இல்லன்னா கம்ப்யூட்டர்ல இல்ல, அவ்வளவுதான். எழுந்து போய் அலமாரியைப் பாருங்க. பக்கத்துப் புத்தகத்தைப் பிரிச்சுப் பாருங்க. அப்புறம், அதை எழுதினது யாரு, அன்னைக்கு எழுதினாங்களான்னு கேளுங்க. அது நீங்களாவே இருந்தா, ரெண்டு தடவை கேளுங்க. நான் ஒரு தடவைகூடக் கேக்கல."

பதிவாளர் முன்னால் சாய்ந்தார். "அம்மா, அதைக் கொண்டாங்க."

அவள் புத்தகத்தின் பின்னட்டையை மட்டும், ஈரம் கலையாமல், விரல் அகலத்துக்குத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"முத்திரை இருக்கு. பக்கத்துல கையெழுத்து யாரோடது?"

அவள் பதில் சொல்லவில்லை. அவளுடைய தப்பைச் சொல்லத்தான் மேடை ஏறினாள். அடுத்தவர் தப்பை அவர்தான் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று பேரும் மேடையையே பார்த்தார்கள். பதிவாளர் மறுபடி கேட்கப் போனார்.

"என்னோடதுதான்" என்றார் தலைமை நூலகர். கழுத்தில் மறுபடி விரல் போனது. "அன்னைக்குக் கவுண்டர்ல நிறையக் கூட்டம்... முத்திரை போட்டு பைண்டிங் கூடையில போட்டிருக்கேன். புத்தகம் எடுத்தப்போ வாங்கி வச்ச அந்தப் பையனோட டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்காம டிரேலயே வச்சிட்டேன். அப்புறம் கேட்டப்போ நினைவில்ல." சிறிது நிறுத்தி, "நினைவுபடுத்திப் பாக்கவும் இல்ல" என்றார்.

பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் ஆள் கீழ வண்டியில இருக்கான். சான்றை இப்ப கையெழுத்துப் போட்டுக் குடுத்தா இன்னைக்குத் தேதியில பதிவாகும். அஞ்சு மணிக்கு மேல என்னாலயும் முடியாது. எங்க அந்த எதிர்க்கடைக்காரரு?"

நாலு இருபதுக்கு அவள் சாலையைக் கடந்தாள். கடையில் அவன் ஏதோ ஆய்வேட்டுக்குச் சுருள் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கிளம்பு. கிணத்துப் புத்தகம் கிடைச்சிடுச்சு."

கம்பி பாதியில் நின்றது.

"எங்க?"

"மணல் புத்தகத்துக்குள்ள. நான்தான் சேத்துத் தைச்சிருக்கேன். நோட்டுல எழுதல. அப்புறம் வரலைன்னு சொன்னதும் நான்தான்."

அவன் முகம் மாறியதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்காமல் இருக்க அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

"பதினொரு மணிக்கு வந்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தினம் உங்களோட நின்னு டீ குடிச்சேனேக்கா. 'நீ எடுத்திருக்க மாட்டே தம்பி'ன்னு நீங்க ஒரு நாளாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, அவங்க வேலை, அவங்க எப்படிச் சொல்லுவாங்கன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

"திட்டறதா இருந்தா நடந்துக்கிட்டே திட்டு. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்தாகணும்."

"அங்க வந்து நான் என்ன பண்ணணும்? புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கணுமா? நான் ஒரு தடவை குடுத்துட்டேன். ரெண்டாவது தடவை குடுக்க மாட்டேன்."

"நீ ஒண்ணும் குடுக்க வேணாம். வாங்கிக்க வா."

இயந்திரம் யாருக்காகவோ கடைசித் தாளைத் துப்பிவிட்டு நின்றது. அவன் சுவிட்சை அணைத்தான். ஷட்டரை இறக்கக்கூட நிற்கவில்லை.

நூலகக் கவுண்டரைச் சுற்றிக் கறுப்பு அங்கிகள் நின்றன. அவன் உள்ளே வந்ததும் தாமாகவே வழி விட்டன. பதினேழு வருடமாக அவன் அந்த வாசலைத் தாண்டியதில்லை. காலடியில் தரையைப் பார்த்தே நடந்தான். தலைமை நூலகர் சான்றை எழுதிக்கொண்டிருந்தார். 'நூல் திரும்பப் பெறப்பட்ட நாள்' என்ற இடத்தில் இன்றைய தேதியின் முதல் எண்ணை எழுதினார்.

"சார்" என்றான் அவன். "இன்னைக்குத் தேதி வேணாம். நான் குடுத்த தேதியைப் போடுங்க."

தலைமை நூலகரின் பேனா அந்தரத்தில் நின்றது. தலைமை நூலகர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, புதிய தாளில் முதலிலிருந்து எழுதினார். தேதித் தாளைப் பார்த்து, ஊதா முத்திரையில் இருந்த தேதியை, எண் எண்ணாக எழுதினார். கையெழுத்துப் போட்டார், வாலோடு. எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். "மன்னிச்சிடுங்க" என்று அவர் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவன் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. பதிவாளரின் ஆள் சான்றோடு படியிறங்கி ஓடும்போது மணி நாலு ஐம்பத்தொன்று.

கேட்லாக் மேடம் எங்கிருந்தோ மூச்சு வாங்க வந்தாள். கையில் பழுப்பு நிற அட்டை ஒன்று. பழைய டிரேயில் பதினேழு வருடம் கிடந்த அவனுடைய நூலக டிக்கெட். காலையில் சொன்னதை நினைத்தோ என்னவோ, தோழியின் முகத்தைப் பார்க்காமல் அதைக் கவுண்டரில் வைத்தாள். "இது இன்னும் செல்லும். நான் ரத்து பண்ணல" என்றாள்.

அவன் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த படத்தில் மீசை அரும்பாக இருந்தது.

"அப்போ ஒரு புத்தகம் எடுக்கலாமா?" என்றான்.

பசையக்கா பலகைகளுக்கு நடுவிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்தாள். முதுகை ஒரு முறை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். தையல் நேராக இருந்தது.

"பசை இன்னும் காயல. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விரிக்காதே. மேல எடை வை."

"கடையில பேப்பர் கட்டுக்கா குறைச்சல்?"

"ரொம்ப வச்சிடாதே. முதுகு நசுங்கிடும்."

"சரிக்கா."

அவள் புத்தகத்தைக் கவுண்டரின் மேல் நீட்டினாள். அவன் தன் விரல்களிலிருந்த கறுப்பு மையைப் பார்த்தான். சட்டையில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டான்.